வெறுங்காலால் மிதித்துப் பார்த்த பெடல்கள்

கோயில் மேடையில் செருப்போடு ஏற முடியாது. கிட்டாரின் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகளான பெடல்களைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயம் முழுவதும் இதிலிருந்து கிளம்பியதுதான். இணையத்தில் பெடல் வாசித்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு மிதிக்கிறார்கள். ஆடி மாதம் சேலத்தில் குகைப் பகுதியிலோ அம்மாபேட்டையிலோ மாரியம்மன் கோயில் தெருவில் போட்ட மேடையில் நான் வெறுங்காலோடு நிற்கிறேன். அவர்கள் ஆகா ஓகோ என்ற பெடல்களில் பாதி என் கட்டைவிரலுக்குச் சரிப்படவில்லை.

பகலில் எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. பொடி வைத்து ஊதுவது, அதாவது பற்றவைப்பது. சீசனில் ராத்திரி மெல்லிசைக் குழுவில் கிட்டார். பதினாறு வருடம் ஆகிறது. நான்கைந்து வருடமாக மாதம் இரண்டு சனிக்கிழமை ஏற்காட்டில் ஒரு விடுதியிலும் வாசிக்கிறேன். அங்கே ஷூ போட்டுக்கொள்ளலாம். டிசம்பரில் போடாவிட்டால் கால் விறைத்துவிடும். ஒரே பெடல்களைக் கீழே வெறுங்காலோடும் மலைமேல் ஷூவோடும் மிதித்தவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன். வேறு தகுதி கிடையாது.

முதலில் நான் ஏமாந்த கதை. பெங்களூருக்கு ரயில் ஏறிப் போய் ஒரு கடையில், சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் அதைப் பெரிய வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றில் மாட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்து, பெடலை மேசைமேல் வைத்து, கையால் திருகித் திருகிக் கேட்டேன். இடி மாதிரி இருந்தது. அடுத்த வாரமே கச்சேரி. நம் மேடைகளில் கிட்டாருக்கென்று ஆம்ப் எங்கே இருக்கிறது? பெடலிலிருந்து ஒயர் நேராகச் சவுண்டு சர்வீஸ்காரரின் மிக்சருக்குப் போனது. முதல் பாட்டின் லீட் பிட்டில் பெடலை மிதித்தேன். தகரத்தை ஆணியால் கீறின மாதிரி ஒரு சத்தம். மிக்சரில் இருந்த பையன் ஓடிவந்து, "அண்ணா, உங்க ஒயர்ல ஏதோ லூசுங்கண்ணா, கர்ருங்குது" என்று ஜாக்கைப் பிடுங்கிவிட்டான்.

ஒயரில் ஒன்றும் இல்லை, பெடலிலும் குறை இல்லை. கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கீச்சுச் சத்தத்தை அநேகமாக வெளியே விடாது. டிஸ்டார்ஷன் பெடல் செய்கிறவர்கள் அந்த ஸ்பீக்கரை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். மேடையின் பெரிய பாக்ஸுகளில் இருக்கும் ஹார்ன் என்ற கீச்சு ஸ்பீக்கரோ கீச்சையெல்லாம் கூட்டிக் கொடுக்கும். அதனால், ஆம்ப் இல்லாமல் வாசிக்கிறவர்கள் பெடல் வரிசையின் கடைசியில் கேபினெட் சிமுலேட்டர் என்ற சின்னப் பெட்டி ஒன்றை வைத்தாக வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் செய்யும் வடிகட்டலை அது செய்யும். பார்க்க ஒரு பவிசும் இருக்காது, மிதிக்க வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் எந்தப் பெடல் வாங்குவது என்று என்னைக் கேட்கும் பசங்களுக்கெல்லாம் முதலில் இதை வாங்கு என்கிறேன். யாரும் கேட்பதில்லை, எல்லோரும் டிஸ்டார்ஷன்தான் முதலில் வாங்குகிறார்கள்.

இப்போது பெடல்களை அடுக்கிய என் பலகையில் இருப்பது ஐந்து: ட்யூனர் (சுருதி பார்க்க), ஓவர்டிரைவ் (மிதமான கரகரப்புக்கு), கோரஸ், மினி டிலே (எக்கோவுக்கு), கடைசியில் அந்தப் பெட்டி. முதல் மூன்றும் பாஸ் கம்பெனியுடையவை. (கம்பெனிப் பெயரே அதுதான். "பாஸ் பெடல் இருக்கா பாஸ்?" என்று கடையில் கேட்டால் கொஞ்சம் குழப்பம் வரும்.) ஜப்பானின் ரோலண்ட் குடும்பத்தைச் சேர்ந்தது. 1977-இல் முதல் காம்பாக்ட் பெடல்களை வெளியிட்டபோது என்ன உருவம் இருந்ததோ, ஏறத்தாழ அதையே இன்றும் வைத்திருக்கிறார்கள். அகலம் 73 மில்லிமீட்டர், நீளம் 129. கீழ்ப்பாதி முழுவதும் ரப்பர் ஒட்டிய ஒரு பலகை. அதில் எங்கே மிதித்தாலும் வேலை செய்யும். ஸ்விட்ச் உள்ளே ஒளிந்திருக்கிறது, காலுக்குத் தெரிவது ரப்பர் மட்டுமே. வெறுங்காலுக்கு இதைவிடச் சுகமான பெடலை நான் பார்த்ததில்லை. ஜப்பானிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். அதனால்தான் இப்படிச் செய்தார்களோ என்று எனக்கு ஒரு நினைப்பு. சும்மா நினைப்புதான்.

மினி பெடல்களின் கதை வேறு. அகலம் நாலேகால் சென்டிமீட்டர் இருக்கும், நீளம் ஒன்பது சொச்சம். கிட்டார் பை ஜிப்புக்குள் நான்கு போட்டுக்கொள்ளலாம். ஸ்விட்ச் என்பது வெளியே துருத்திக்கொண்டிருக்கும் உலோகக் குமிழ். அதைக் கொஞ்சம் அழுத்தித்தான் மிதிக்க வேண்டும். 'டக்' என்று விழும் வரை குமிழின் விளிம்பு உள்ளங்காலில் பதியும். ஒரு கச்சேரியில் முப்பது பாட்டு, பாட்டுக்கு நான்கு மிதி என்று வைத்துக்கொண்டால் நூற்றிருபது குத்து. இரண்டு மினியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஜாக்குக்கு இடம் விட்டாலும், குமிழுக்குக் குமிழ் ஏழு சென்டிமீட்டருக்குள் வந்துவிடுகிறது. என் பாதத்தின் அகலம் பத்து. டிலேயை மிதித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து விழுந்தது. மேலே திருகும் குமிழ்களைக் கால்விரல் தட்டிவிட்டு, எங்கோ இழுத்துக்கொண்டு போன எக்கோவோடு ஒரு பல்லவி முழுக்க வாசித்ததும் உண்டு.

பட்டறைக்காரன் சும்மா இருப்பேனா? பித்தளைத் தகட்டில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வில்லை வெட்டி, குமிழ்மேல் ஒட்டினேன். குத்துவது நின்றது. அடுத்த கச்சேரி ஒரு கோயிலில், மேடைக்குக் கீழே தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது, ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிக்கவே இல்லை. வில்லையில் கால் வைத்ததும் சுர்ரென்று ஏறியது. பித்தளையைக் குறை சொல்லி என்ன பயன், பெடலின் உலோகப் பெட்டி முழுவதும் மிக்சரின் கிரவுண்டோடுதான் சேர்ந்திருக்கிறது. எர்த் இல்லாத இடத்தில் அந்தக் கிரவுண்டிலேயே கசிவு ஓடும். அன்றைக்கு இரவே பித்தளையைப் பெயர்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் மூடியை ஒட்டினேன். அழகு போய்விட்டது, ஆனால் சுகமாக இருக்கிறது. இதற்கென்றே பிளாஸ்டிக் மூடிகள் விற்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அன்றிலிருந்து கிட்டார் பையில் ஒரு டெஸ்டர் இருக்கிறது. மேடை ஏறியதும் கம்பியில் வைத்துப் பார்ப்பேன். எரிந்தால், எர்த்தைச் சரிசெய்யும் வரை கிட்டாரை மாட்டமாட்டேன். குழுவை நடத்தும் மாஸ்டர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

ஓவர்டிரைவ் எஸ்டி-1, மஞ்சள் நிறம். 1981-இல் வந்தது. அதற்கு முன்னோடியான ஓடி-1-இல் இரண்டே திருகு. இதில் டோன் திருகு ஒன்று கூடியது. பழையதாக 3,500 ரூபாய்க்கு ஒரு சர்ச் கிட்டாரிஸ்டிடம் வாங்கினேன். இதன் உள்ளே சமாசாரம் எளிது. ஒலி அலையின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் டயோடுகள் மழுக்குகின்றன. ஒரு பக்கம் இரண்டு, இன்னொரு பக்கம் ஒன்று. இரு பக்கமும் ஒரே அளவாக வெட்டாததால் சத்தத்தில் ஒரு கரகரப்பு, தொண்டை கட்டின பாடகர் உச்சஸ்தாயியில் பாடுகிற மாதிரி. அடித்தொனி கொஞ்சம் மெலியும். தனியாக அறையில் வாசிக்கும்போது இது குறையாகத் தெரிந்தது. மேடையில் பேஸ் கிட்டார், கீபோர்டு, பேடு எல்லாம் சேர்ந்த பிறகு இந்த மெலிவுதான் என்னைத் தனியாகக் கேட்க வைக்கிறது. நான் வைப்பது டிரைவ் கால்வாசி, டோன் பாதிக்குக் கீழே, லெவல் முக்கால். கரகரப்பு அதிகம் வேண்டாம், லீட் வரும்போது முன்னால் வந்தால் போதும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் கிட்டத்தட்ட கிளீனாகிவிடும், பெடலை அணைக்கவே தேவையில்லை.

இந்த இடத்தில் ட்ரூ பைபாஸ் பற்றிச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் தீராது. மினி பெடல் விளம்பரங்கள் எல்லாவற்றிலும் அதைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பெடலை அணைத்தால் அது வழியில் இல்லவே இல்லை, கிட்டார் சிக்னல் அப்படியே தாண்டிப் போகும் என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் நம் கிட்டார் பிக்கப் பலவீனமானது. நீள ஒயர் மீட்டருக்கு நூறு பிக்கோஃபாரட் அளவில் கெப்பாசிட்டன்ஸ் சேர்த்து, மேல் ஸ்தாயியின் பளபளப்பைத் தின்றுவிடும். மிக்சரின் சாதா லைன் இன்புட் வேறு பிக்கப்பைப் போட்டு அமுக்கும். எல்லாப் பெடலையும் அணைத்துவிட்டு கிளீன் டோனில் ஆர்ப்பெஜியோ வாசித்தால் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பாஸ் பெடல்கள் ட்ரூ பைபாஸ் இல்லை. அணைத்திருந்தாலும் உள்ளே ஒரு பஃபர் வேலை செய்துகொண்டே இருக்கும். பிக்கப்புக்குப் பாரம் தெரியாமல் வாங்கி, ஒயருக்குத் தெம்போடு அனுப்பும். இதைப் பலர் குறை என்று பேசுகிறார்கள். வீட்டில் மூன்று மீட்டர் ஒயரில் வாசிக்கிறவர்கள் பேசட்டும். அவர்கள் சொல்வதில் நியாயம் உள்ள ஒரு இடம், சத்தத்தை ஒரேயடியாகக் கரகரப்பாக்கும் பழைய பாணி ஃபஸ் பெடல். அதற்கு முன்னால் பஃபர் இருந்தால் சத்தம் கெட்டுவிடும், கிட்டாரை அடுத்து நேராக அதுதான் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஃபஸ் கேட்கிற பாட்டு வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

கோரஸ், சிஎச்-1. இளநீலம். எண்பதுகளின் பாட்டுகளை வாசிக்கிற எந்த மெல்லிசைக் குழு கிட்டாரிஸ்டுக்கும் இது சோறு போடுகிற பெடல். உங்கள் சத்தத்தின் நகல் ஒன்றைச் சில மில்லிசெகண்டு தாமதித்து, அந்தத் தாமதத்தையும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும். கோரஸ் பாடும் இரண்டு பெண்கள் ஒரே சுருதியில் நின்றாலும் மயிரிழை விலகுவார்கள் அல்லவா, அந்த மினுக்கம். ரோலண்டின் ஜேசி-120 ஆம்பில் இருந்த கோரஸைத் தனியாகப் பிரித்து 1976-இல் சிஇ-1 என்று பெரிய பெட்டியாகப் போட்டார்கள். 1979-இல் சிஇ-2 சின்னப் பெடலாக வந்தது. பழைய சத்தம் கொஞ்சம் மங்கலாகவும் கதகதப்பாகவும் இருக்கும், அதற்குப் பிரியர்கள் அதிகம். சிஎச்-1 இன்னும் தெளிவு. ஈக்யூ திருகும் இருப்பதால் மேடைக்கு ஏற்ப மேல் ஸ்தாயியைக் கூட்டலாம், குறைக்கலாம். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. ரேட்டை (ஆட்டத்தின் வேகம்) குறைத்து, டெப்த்தை (ஆட்டத்தின் அளவு) பாதிக்கு வைத்தால் தலைசுற்றாது.

ட்யூனர் டியு-3. இதை எஃபெக்ட் என்று சொல்ல முடியாது, ஆனால் பெடல்களை விற்கவேண்டிய நிலை வந்தால் இதைத்தான் கடைசியாக விற்பேன். கிட்டாரின் தலையில் கவ்வுகிற கிளிப் ட்யூனர் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகிறது. பக்கத்தில் தவில் விழுந்தால் கம்பியை விட்டுவிட்டுத் தவிலுக்குச் சுருதி காட்டும். பெடல் ட்யூனர் ஒயர் வழியாக வருவதை மட்டும் கேட்கும், மிதித்தவுடன் சத்தத்தையும் அடைத்துவிடும். மாலை நாலு மணி வெயிலில் சவுண்டு செக் செய்யும்போதும் விளக்கு தெரிகிறது.

மினி டிலேயைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறுபதாயிரத்தைப் பாட்டின் வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்) வகுத்தால் ஒரு தாளத்தட்டின் மில்லிசெகண்டு கிடைக்கும், 120 வேகத்துக்கு 500. அதற்கு வைத்து விட்டுவிடுவேன். ரிவர்ப் பெடல் வாங்கவில்லை. நம் ஊர் மிக்சரில் இருக்கிற பையன்கள் கேட்காமலேயே எக்கோவை அள்ளிக் கொட்டுகிறார்கள்.

பெடலைவிட அதிகம் பேசவேண்டியது அடாப்டர். பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட் டிசி, பின்னின் நடு மைனஸ். கேமரா, மோடம் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு பிளஸ், அதுவும் 12 வோல்ட். பின் மட்டும் கச்சிதமாக உள்ளே போய்விடும், அங்கேதான் விதி விளையாடும். ஒரு நாள் இருட்டில் கீபோர்டு தம்பி உதவி செய்கிறேன் என்று தன் அடாப்டரை என் பழைய ஃபேசர் பெடலில் சொருகிவிட்டான். விளக்கே எரியவில்லை. மறுநாள் பட்டறையில் திறந்து பார்த்தேன். தலைகீழாக வரும் மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ள வாசலிலேயே ஒரு டயோடு வைத்திருக்கிறார்கள். அது தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருந்தது. 1என்4007 ஒன்று, சில்லறைக் காசு. கொலுசில் பொடி வைத்து ஊதுகிறவனுக்கு ஈயம் பற்றவைப்பது பெரிய விஷயமா? பத்து நிமிடம். எல்லாப் பெடலிலும் இப்படிக் காவல்காரன் இருப்பான் என்று நம்பிவிடாதீர்கள். அடாப்டரில் ஒரு சின்ன வட்டப்படம் அச்சிட்டிருக்கும், நடுப்புள்ளியோடு மைனஸ் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள். என் அடாப்டர் பின்னில் இப்போது சிவப்பு நகப்பாலிஷ் இருக்கிறது. மனைவியுடையது.

வோல்ட் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் எவ்வளவு அதிகம் இருந்தாலும் பயமில்லை, பெடல் தனக்குத் தேவையானதைத்தான் இழுக்கும். எஸ்டி-1 மாதிரி ஓவர்டிரைவ் சில மில்லிஆம்பியர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். டிஜிட்டல் டிலே அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் கேட்கும். இரண்டையும் ஒரே அடாப்டரில் மாலை கோத்த மாதிரி இணைத்தால் டிலேக்குள் இருக்கும் கடிகாரத் துடிப்பு 'ங்ஙீ' என்று ஓவர்டிரைவ் வழியாகப் பெரிதாகிக் கேட்கும். கொசு என்று நினைத்துக் கையை வீசியிருக்கிறேன். ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிந்திருக்கிற பவர் சப்ளை வாங்கினால் போய்விடும். விலை ஒரு நல்ல பெடல் விலை. மனசு வராது. ஆனாலும் வாங்குங்கள்.

ஏற்காட்டில் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பலகையை மடியில் அணைத்துக்கொண்டு போகிறேன். பலகை என்பது கொலுசு அடுக்கும் பழைய மரத்தட்டு. பெடல்களின் அடிப்பக்கத் திருகாணியில் சைக்கிள் செயின் துண்டுகளை மாட்டி அதில் இறுக்கியிருக்கிறேன், வெல்க்ரோ வெயிலில் இளகிவிடுகிறது. பாஸ் பெடல் ஒன்று 400 கிராம் சுமாருக்கு வரும். மூன்று, அதோடு பவர் சப்ளை, மரத்தட்டு என்றால் பதினாலாவது வளைவில் தொடை மரத்துப்போகும். அந்த நேரத்தில் மட்டும் மினி பெடல் செய்தவர்களை வாழ்த்தத் தோன்றும். ஆனால் மலையில் மழை பிடித்தால் கரண்டு போகும். ஜெனரேட்டர் போடும் வரை விருந்தாளிகளைச் சும்மா உட்காரவைக்க முடியாது. விடுதியில் ஒரு பேட்டரி ஸ்பீக்கர் இருக்கிறது. பாஸ் பெடலில் மிதிக்கும் பலகைக்குக் கீழேயே பேட்டரிக்கு இடம். ஒரு திருகாணியைக் கையால் கழற்றி 9 வோல்ட் பேட்டரியைப் போட்டால் ஓவர்டிரைவும் கோரஸும் ஓடும். மினிகளில் அனேகமாகப் பேட்டரிக்கு இடமே கிடையாது. ஒன்று நினைவிருக்கட்டும்: இன்புட்டில் ஜாக் சொருகியிருக்கும் வரை, பெடலை அணைத்திருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். சாப்பிடப் போகும்போது ஜாக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள்.

பனி இன்னொரு தொல்லை. இரண்டு மழைக்காலம் போனால் திருகுகள் கரகரவென்று சத்தம் போட ஆரம்பிக்கும். கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, இருபது தடவை இப்படியும் அப்படியும் திருகினால் சரியாகிவிடும்.

இவ்வளவு வில்லங்கம் எதற்கு, ஒரு புராசசர் வாங்கினால் எல்லாம் அதிலேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் எட்டு வருடம் அதில்தான் வாசித்தேன். புதிதாகக் குழுவில் சேருகிற பசங்களுக்கு அதுதான் சிக்கனம், கேபினெட் சிமுலேட்டரும் உள்ளேயே இருக்கும். எனக்கு அது ஒத்துவராமல் போனதற்குக் காரணம் சத்தம் இல்லை. சரணத்துக்கு நடுவில் மாஸ்டர் திடீரென்று பாட்டை மாற்றச் சொல்லிக் கண்ணைக் காட்டுவார். குனிந்து திரையில் எண்ணைப் படித்து, இரண்டு பேங்க் (எஃபெக்ட் வரிசை) தாண்டி மிதிப்பதற்குள் இன்டர்லூட் முடிந்துவிடும். தனிப்பெடலில் மஞ்சள் என்றால் லீட், நீலம் என்றால் கோரஸ். காலுக்கே இடம் தெரியும்.

போன ஆடியில் பக்கத்துக் குழு கிட்டாரிஸ்ட் ஒருவர் கறுப்புச் சாக்ஸ் போட்டுக்கொண்டு மேடை ஏறினார், கோயில்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆகா, இது தோன்றாமல் போயிற்றே என்று மறுநாளே ஒரு ஜோடி வாங்கினேன். பட்டறைத் தரையில் கோரஸை வைத்து மிதித்துப் பார்த்தேன். ரப்பர்மேல் பரவாயில்லை. பாட்டில் மூடிமேல் வழுக்குகிறது.